மாமன் பெருவிரலும் மருமகன் வெப்சைட்டும்

மருமகனே, அந்தக் கடலை மிட்டாய்க் கடை அண்ணாச்சிக்கு நீ போட்டுக் குடுத்த வெப்சைட்டைப் பாத்தேன்டே. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, அம்புட்டு அழகு. ஏசி ரூம்புல, சுழல் நாக்காலியில சாஞ்சுக்கிட்டு, ரெண்டு முழ அகலத் திரையில பாத்தா கண்ணு கூசும். ஒரே ஒரு சங்கடம்தான். கடலை மிட்டாய் வாங்குற ஒருத்தன்கூட உன் ரூம்புக்கு வந்து உக்காந்து வாங்கப் போறதில்ல.

அவன் எங்க இருக்கான்னு எப்பவாச்சும் யோசிச்சியா? மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவுல நாலுவழிச் சாலையில, கோவில்பட்டி ஊருக்குள்ள வராம பைபாஸ்லயே பறக்குற காரு. பின் சீட்டுல மடியில பிள்ளையத் தூங்கப் போட்டுக்கிட்டு, ஒத்தக் கையில போனைத் தடவுறாளே ஒரு பொம்பளை, அவதான் உன் வாடிக்கை. அவளுக்கு வேண்டியது ரெண்டே சங்கதி: பைபாஸ்ல எந்த இடத்துல இறங்கணும், கடை இப்பத் திறந்திருக்கா. உன் சைட்டு அவளுக்கு என்ன சொல்லுது? ‘எங்கள் தொலைநோக்கு’ன்னு ஒரு பத்தி. ‘எங்கள் பயணம்’னு இன்னொரு பத்தி. அவ பயணம் என்னாகுறது? தெக்க பாத்துப் போறவளா இருந்தா திருநெல்வேலி அல்வா காத்திருக்கு. வடக்க பாத்துப் போறவளா இருந்தா சாத்தூர்ச் சேவு காத்திருக்கு. உன் தொலைநோக்கைப் படிக்க அவ வண்டிய ஓரங்கட்டுவான்னு நினைக்கியா?

2020-ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய்டே அது. அந்தச் சேதிய எங்க வச்சிருக்கே? அடியில, தனியுரிமைக் கொள்கைக்கும் பதிப்புரிமைக்கும் ஊடால. பாராட்டணும். தேடிக் கண்டுபிடிக்கவனுக்குக் கால்கிலோ இனாம்னு போட்டுருந்தா இன்னும் விசேஷம்.

மாமன் சொல்லுதேன்னு கோவிச்சுக்காதே. எனக்கு என்ன தெரியும்? பேத்தி லீவுக்கு வந்தப்ப படிச்சுக் காட்டுனது பாதி, நீ கல்யாண வீட்டுல நாலு பேரு காதுல விழணும்னு சத்தமாப் பேசுனது பாதி. அதுல ஒட்டுனதை வச்சுத்தான் சொல்லுதேன்.

2007-ல ஐபோன் வந்தப்ப, இருந்த சைட்டெல்லாம் மேசைக் கம்ப்யூட்டருக்குத் தச்சது. போன் என்ன செஞ்சுது, பக்கத்துக்கு 980 பிக்சல் அகலம்னு தானா நினைச்சுக்கிட்டு, மொத்தத்தையும் சுருக்கி உள்ளங்கையில காட்டுச்சு. ‘வியூபோர்ட்’னு ஒரு வரி பக்கத்தோட தலையில எழுதிட்டா அந்தச் சுருக்கல் நிக்கும். ஒரே வரி. உன் சைட்டுல முன்பக்கத்துல அது இருக்கு, ஆர்டர் போடுற பக்கத்துல இல்ல. வாங்க வந்தவன் ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கி, விலையப் பாத்தா பேரு மறையுது, பேரைப் பாத்தா விலை மறையுது. நல்ல ஏற்பாடு. விலை தெரியாம வாங்குனா பேரம் பேச மாட்டான்லா?

2010 மே மாசம் ஈத்தன் மார்கோட்னு ஒருத்தர், திரைக்குத் தக்கன தானே வளைஞ்சு குடுக்குற பக்கத்தை எப்படிக் கட்டணும்னு எழுதி வச்சிட்டாரு. மறுவருசம் லூக் ரொப்லெவ்ஸ்கின்னு இன்னொருத்தர், முதல்ல போனுக்குக் கட்டு, பொறவு பெரிய திரைக்கு விரின்னு ஒரு புத்தகமே போட்டாரு. கூகுள்காரன் 2015 ஏப்ரல் 21-ந்தேதி, போன்ல தேடுறவங்களுக்குப் போனுக்கு ஒத்துவராத பக்கத்தைப் பின்னால தள்ளுவேன்னு ஆரம்பிச்சான். 2024 ஜூலை 5-க்குப் பொறவு போன்ல திறக்கவே திறக்காத சைட்டைக் கணக்குலயே எடுக்கதில்ல. இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் அண்ணாச்சிக்குக் காட்டப் போறப்ப லேப்டாப்பைத்தான் தூக்கிட்டுப் போறே. ஏன்னா பில்லுல கையெழுத்துப் போடுறவரு அவரு. பெருவிரலால தொடுறவளா உனக்குச் செக்கு குடுக்கப் போறா?

இப்ப அந்தப் படங்களுக்கு வாரேன். முன்பக்கத்துல மூணு படம் மாறி மாறி நகருது. கடலைக்காடு ஒண்ணு, பாகு காய்ச்சுற சட்டி ஒண்ணு, அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டு நிக்க படம் ஒண்ணு. கேமராவுல எடுத்ததை அப்படியே ஏத்திட்டே போல. ஒண்ணொண்ணும் 4 எம்பி, ஆகக்கூடி 12. ‘2016-ல ஜியோ வந்த பொறவு டேட்டாவுக்கு என்ன பஞ்சம், மாமா’ம்பே. சரிதான். ஆனா பல பேக்குல அன்னன்னைக்கு அளவு உண்டு. சாயங்காலம் கிரிக்கெட்டைப் பாத்து முடிச்சிட்டான்னா பொறவு 64 கேபிபிஎஸ்தான். கணக்கு நீயே போடு, நீதான் இஞ்சினியரு. 12 எம்பி அந்த வேகத்துல இறங்க 25 நிமிசம். அதுக்குள்ள ஒரு சட்டிப் பாகே காய்ச்சிரலாம்டே. கடலைக்காட்டையும் அண்ணாச்சியையும் எடுத்துட்டு, மிட்டாய்ப் படம் ஒண்ணை மட்டும் வெப்-பி வடிவத்துல 100 கேபிக்குச் சுருக்கி வச்சா, அதே நொண்டி நெட்டுல 12 வினாடி சொச்சம். நல்ல நெட்டுல கண்ணை மூடித் திறக்குமுன்ன. கூகுள்காரன் கேக்கது பெருசா ஒண்ணுமில்ல, பக்கத்துல இருக்க பெரிய சங்கதி 2.5 வினாடிக்குள்ள கண்ணுல படணும்னுதான். அண்ணாச்சி படத்தை எடுத்தா அவரு முகம் வாடும்னு பயப்படுதியா? ‘எங்களைப் பற்றி’ன்னு ஒரு பக்கம் வச்சிருக்கேல்லா, அங்க ஆளுயரத்துக்கு வச்சிரு. அங்க யாரும் போறதில்ல.

பக்கம் திறந்து முடியலை, அதுக்குள்ள திரைய மறைச்சுக்கிட்டு ஒரு பெட்டி. ‘எங்கள் செய்திமடலில் இணையுங்கள்’. கல்யாண வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழட்டுமுன்னயே மொய் நோட்டை நீட்டுன கதையால்லா இருக்கு! மூடலாம்னா மூலையில ஒரு பெருக்கல் குறி, நகக்கண்ணுக்குள்ள அடங்குற அளவுக்கு. என் விரலு களைக்கொட்டு பிடிச்ச விரலு. அதை மூடப் போனா பெட்டிக்குள்ள போயி விழுது. ஆப்பிள்காரன் தொடுற இடம் 44 பாயிண்டாச்சும் இருக்கணும்கான், கூகுள்காரன் 48 டிபிங்கான், அதாவது 9 மில்லிமீட்டர் கிட்ட. ரெண்டு பேரும் விரலை அளந்துதான் சொல்லுதாக. நீ மவுஸ் முனைய அளந்திருக்கே. இப்படித் திரைய மறைக்குற பெட்டிக்காகவே 2017 சனவரியில இருந்து தேடல்ல கீழ இறக்குதேன்னும் கூகுள்காரன் சொல்லி வச்சிருக்கான். ஆனாலும் பெட்டி அழகா இருக்கு. பூப்போட்ட ஓரம்.

ஸ்டீவன் ஹூபர்னு ஒருத்தர், தெருவுல, பஸ்ஸுல, ரயில்ல சனங்க போனை எப்படிப் பிடிக்காகன்னு நின்னு பாத்து 2013-ல எழுதுனாரு. 1,333 பேரைப் பாத்ததுல, திரையைத் தொட்டுக்கிட்டு இருந்தவுகள்ல 49 சதவீதம் ஒத்தக் கைதான். ஒத்தக் கையில பிடிச்சா பெருவிரலு சௌகரியமா எட்டுறது நடுவும் கீழும். நீ மெனுவையும் கூடையையும் எங்க வச்சிருக்கே? உச்சிமேட்டுல, வலதும் இடதுமா. அந்த மெனுவோ, மேல மவுஸை நிறுத்துனாத்தான் விரியும். போன்ல எங்கடே மவுஸு? நானும் விரலைத் திரைக்கு மேல ஆகாசத்துல நிறுத்திப் பாத்தேன். விரியலை. உங்க அத்தை, ‘என்ன, போனுக்குத் திருநீறு போடுதீகளா?’ன்னு கேட்டுட்டுப் போறா.

பக்கம் குதிக்குறதை மட்டும் கொஞ்சம் நிதானமாச் சொல்லுதேன், ஏன்னா இதுலதான் காசு போகுது. ‘வாங்கு’ பட்டன் கண்ணுல படுது. விரலு இறங்குது. இறங்குற அந்தக் கணத்துல, மேல தாமசமா வந்த விளம்பரப் படம் ஒண்ணு பொத்துனு விழுந்து, எல்லாத்தையும் ரெண்டு அங்குலம் கீழ தள்ளிருது. விரலு படுறது ‘வாங்கு’மேல இல்ல, ‘நீக்கு’மேல. கூடை காலி. அவன் மறுபடியும் மொதல்ல இருந்து வருவாங்குறே? போனை மடியில போட்டுட்டு ஜன்னலைப் பாப்பான். படம் வாரதுக்கு முன்னயே அதுக்கு அகலம் இம்புட்டு, உயரம் இம்புட்டுன்னு இடத்தை ஒதுக்கி வச்சிட்டா இந்தக் கூத்தே கிடையாது. ரெண்டு எண்ணு எழுதணும், அம்புட்டுத்தான் வேலை. அதை எழுதாம மிச்சம் பிடிச்ச நேரத்துலதான் பூப்போட்ட ஓரம் போட்டியோ?

கூடையத் தாண்டிப் போனா விலாசம் கேக்கே. கேளு, வேண்டியதுதான். பேரு, போன் நம்பரு, விலாசம், பின்கோடு. அதுக்கு மேல பொறந்த தேதி எதுக்குடே? திருமண நிலை எதுக்கு? மிட்டாய்க்கு மாப்பிள்ளை பாக்கியா? போன் நம்பர் பெட்டியத் தொட்டா எண்ணுப் பலகை வரணும்; உனக்கு ஏ, பி, சி, டி வருது. 628501-ன்னு பின்கோடு போட்ட பொறவும் மாவட்டம் எது, மாநிலம் எதுன்னு நீளமா ஒரு பட்டியலை நீட்டி, அந்தமான்ல இருந்து உருட்டிக்கிட்டு வரச் சொல்லுதே. அந்த ஆறு எண்ணுலயே ஊரு இருக்குடே, 1972-ல இருந்து அதுக்குத்தானே வச்சிருக்காக. பெட்டிக்குள்ள எழுத்து 16 பிக்சலுக்குக் கீழ இருந்தா, தொட்டதும் ஐபோன் பக்கத்தைத் தானா ஊதிப் பெருசாக்கிரும். உன்னுது 12. அந்தப் பெட்டிய விட்டு வெளிய வர வழி தெரியாமத் தவிச்சவுகள்ல என் சம்பந்தியும் ஒருத்தர்.

பணம் கட்டுற இடத்துக்கு வந்தேன். இந்த இடத்துல உன்னை எழுந்து நின்னு கும்பிடணும். க்யூஆர் கோடு படம் ஒண்ணு காட்டி, ‘இதை உங்கள் போனில் ஸ்கேன் செய்யவும்’னு போட்டிருக்கே. அந்தப் படம் தெரியறதே என் போன்லதானடே! எந்தப் போனை வச்சு எந்தப் போனைப் பிடிக்க? கண்ணாடி முன்னால நின்னு பாக்கவா? பக்கத்து வீட்டுப் போனைக் கடன் வாங்குனா, காசு அவன் கணக்குல இருந்துல்லா போகும்? யோசிச்சுப் பாத்தா அதுவும் நல்ல ஏற்பாடுதான், எனக்கு. அதே இடத்துல ஒரு பட்டனை வச்சு, தொட்டதும் அவன் போன்ல இருக்க யுபிஐ ஆப்பே தொகையோட திறக்குற மாதிரி செய்யலாம்னு உனக்குத் தெரியும். க்யூஆர் படம் லேப்டாப்புல பாக்கவனுக்கு மட்டும் போதும்.

கடைசிக்கு, இதெல்லாம் வேண்டாம், கடைக்கே போன் போட்டுக் கேப்போம்னு நம்பரைத் தேடுனா, அது படத்துக்குள்ள இருக்கு. தங்க நிற எழுத்து, வளைச்சு வளைச்சு. தொட்டா அழைக்காது, அமுக்கிப் பிடிச்சாக் காப்பி ஆகாது. பேனா எடுத்து உள்ளங்கையில எழுதி, பொறவு ஒண்ணொண்ணா அமுக்கணும். தொட்டா அழைப்புப் போற நம்பரு ஒண்ணு, தொட்டா வாட்ஸப்பு திறக்குற பட்டன் ஒண்ணு. இந்த ரெண்டை மட்டும் பெருவிரலு எட்டுற உயரத்துல வச்சிட்டு மத்ததையெல்லாம் நீ அழிச்சாலும் அண்ணாச்சிக்கு நட்டமில்ல. ‘கருப்பட்டி மிட்டாய் ரெண்டு கிலோ, சிவகாசிக்கு’ன்னு குரல்ல பேசி அனுப்புறவுக எத்தனையோ பேரு. அவுக ஃபாரத்தை நிரப்ப மாட்டாக.

தமிழ் எழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை. வரிக்கு வரி இடைவெளிய இங்கிலீசுக்கு வச்ச அளவுலயே விட்டுட்டே. மேல சுழிக்கிற கொம்பெல்லாம் தலை வெட்டுப்பட்டுக் கிடக்கு, ‘ளு’வுக்கும் ‘கூ’வுக்கும் கீழ வால் அறுந்து கிடக்கு. கொஞ்சம் இடைவெளி கூட்டு. அந்த வெளிர்ச் சாம்பல் எழுத்தையும் மாத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 வித்தியாசம் வேணும்னு உங்க ஆளுகளே விதி எழுதி வச்சிருக்காக. கரிசல்காட்டு உச்சி வெயில்ல உன் சாம்பல் எழுத்தை எவன் படிப்பான்?

சரி, கடைய விட்டுட்டு, நீ தண்டோரா போட்டதுக்கு வாரேன்.

எஸ்எம்எஸ் அனுப்புனியே. ‘அன்பான வாடிக்கையாளர் பெருமக்களுக்கு வணக்கம்’னு தொடங்குச்சு. உன் மரியாதைய மெச்சுதேன். ஆனா இங்கிலீசுல ஒரு சேதிக்கு 160 எழுத்து இடம்னா, தமிழ்ல 70-தான். அதுலயும் மெஷினு நம்மளை மாதிரி எழுத்தெண்ணாது. புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. ‘கோவில்பட்டி’ நமக்கு ஆறெழுத்து, அதுக்குப் பதினொண்ணு. அந்த வணக்கத்துக்கே 43 போச்சு. பொறவு ஒரு இடம் விட்டு, ‘கோவில்பட்டி கடலை மிட்டாய்’னா 25. ஆக 69. இன்னும் விலையும் சொல்லலை, எதுக்கு அனுப்புனேன்னும் சொல்லலை, 70-ல ஒண்ணுதான் மிச்சம். அதுக்குமேல நீட்டுனா ஒவ்வொரு துண்டுக்கும் 67-ஆக் குறையும், துண்டுக்குத் துண்டு காசு. உன் சேதி மூணு துண்டு. அண்ணாச்சி மூணு சேதிக்குக் காசு குடுத்து ஒரு கும்பிடு போட்டிருக்காரு.

அனுப்புனதும் யாருக்கு? கேட்டவனுக்கு மட்டுமா? எங்கயோ நம்பர்க் கட்டு ஒண்ணு வாங்கி, ஊரு உலகத்துக்கெல்லாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2018-லயே விதி போட்டிருக்கு: அனுப்புற பேரைப் பதியணும், சேதியோட வாசகத்தைப் பதியணும், வேண்டாம்னவனுக்கு விளம்பரம் போகக்கூடாது. 2025-ல இருந்து விளம்பரச் சேதின்னா அனுப்புற பேருக்குப் பின்னால ‘பி’ன்னு முத்திரை வேற. 1909-ங்குற நம்பருக்கு ஒருத்தன் புகாரைத் தட்டிவிட்டா அண்ணாச்சி பேருதான் நாறும், உன் பேரு இல்ல. அதான் தைரியம்.

அப்புறம் சைட்டுல ஓடுதே ஒரு கடிகாரம், ‘சலுகை முடிய இன்னும் 9 நிமிடம்’னு. எனக்கே படபடன்னு வந்துட்டு. கையைக் கட்டிக்கிட்டு முடியட்டும்னு பாத்தேன். முடிஞ்சுது. பக்கத்தைப் புதுசாத் திறந்தேன். மறுபடியும் 9 நிமிடம்! இப்படியொரு தர்மப் பிரபுவ நான் கண்டதில்ல. ‘வேண்டாம்’ங்குற பட்டன்ல என்ன எழுதி வச்சிருக்கே? ‘வேண்டாம், எனக்கு நல்ல ருசி பிடிக்காது’. கூடையில நான் போடாத எள்ளுருண்டைப் பாக்கெட்டு ஒண்ணு தானா வந்து உக்காந்திருக்கு. இதெல்லாம் சாமர்த்தியம்னு உனக்கு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந்தேதி, இந்த மாதிரி 13 வகைத் தில்லாலங்கடிய ‘டார்க் பேட்டர்ன்’னு பேரு வச்சுப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கு. பொய் அவசரம், கூடையில திருட்டுச் சரக்கு, வேண்டாம்னவனை வெட்கப்படுத்துறது, மூணும் அதுல வருது. 13-ல மூணைத்தான் செஞ்சிருக்கே. மிச்சம் பத்தையும் விட்டு வச்ச உன் அடக்கத்தைச் சொல்லணும்.

பேஸ்புக்கு விளம்பரத்தை இந்தியா முழுக்க, 18 வயசுல இருந்து 65 வரைக்கும்னு விட்டிருக்கே. நம்மூரு வழியாப் போற 44-ஆம் நம்பர் ரோடு ஸ்ரீநகர்ல இருந்துதான் வருது, வாஸ்தவம். அதுக்காக அங்க இருக்கவனுக்கு எதுக்குத் தமிழ்ல விளம்பரம்? அந்தக் காசை ரோட்டுல போறவன் கண்ணுல படுற மாதிரி கூகுள் மேப்புல போடு. போடக்கூட வேண்டாம், அங்க கடை விவரம் வைக்கக் காசே இல்ல. திறக்குற நேரம், லீவு நாளு, நம்பரு, கடை வாசல் படம். ‘கடலை மிட்டாய் கடை’ன்னு தேடுறவன் வாங்குறதுக்குத் தயாரா இருக்கவன், அவனை விட்டுட்டு ஸ்ரீநகர்ல போயிக் கூவுதே. விளம்பரத்துல கருப்பட்டி மிட்டாய்ப் படத்தைக் காட்டுனா, தொட்டதும் கருப்பட்டி மிட்டாய்ப் பக்கத்துக்குப் போகணும். உன்னுது ‘எங்கள் தொலைநோக்கு’க்குப் போகுது.

இனி என்ன செய்யணும்னு கேக்கியா? கேக்கலைன்னாலும் சொல்லுதேன். லேப்டாப்புல திரையச் சுருக்கிப் பாத்துட்டு ‘போன்ல ஓடுது’ன்னு சொல்லாதே; அதுல வெயிலும் இல்ல, சிக்னல் போறதும் இல்ல. இருக்கதுலயே விலை குறைஞ்ச போன் ஒண்ணு வாங்கு. எட்டயபுரம் பஸ்ல ஏறு. உக்காராதே, ஒரு கையால கம்பியைப் பிடி. மறுகையால அரைக்கிலோ மிட்டாய் ஆர்டர் போடு. எங்க எரிச்சல் வருதோ அங்க இறங்கிக் குறிச்சுக்கோ. ரெண்டு வாட்டி போயிட்டு வந்தாப் போதும், அந்தப் பூப்போட்ட ஓரத்தை நீயே பிச்சு எறிஞ்சிருவே.

அண்ணாச்சி விட மாட்டாரு. ‘இம்புட்டு ரூவா வாங்கிட்டு, ஒரு படம், ஒரு நம்பரு, நாலு பட்டன், இதுக்கா?’ன்னு ஏறுவாரு. நீ வாயைத் திறக்காதே. அவுக வீட்டம்மா போனை வாங்கி, பழைய சைட்டைத் திறந்து குடுத்து, ‘மதினி, நம்ம கடையில கால்கிலோ வாங்கிக் காட்டுங்க’ன்னு சொல்லிட்டு ஓரமா உக்காரு. அந்தம்மா மூக்குக் கண்ணாடியத் தேடி எடுத்து, நெத்தியச் சுருக்கி, பெட்டிய மூடத் தெரியாம, கூடையில வந்த எள்ளுருண்டைய எடுக்கத் தெரியாம, கடைசியில க்யூஆரைக் காட்டி ‘இதை எதை வச்சுப் பிடிக்க?’ன்னு அண்ணாச்சியப் பாத்துக் கேப்பாக பாரு. அப்பப் புதுசை நீட்டு. ரூவாயும் அன்னைக்கே கேளு, மறுநாளைக்கு வைக்காதே.